பாவாயி சேந்திய ஒரு குடம்

வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை பாவாயி. சேந்தமங்கலத்துப் பக்கம் எந்தப் பண்ணை வீட்டில் வருஷ வேலைக்குச் சம்மதித்து வெற்றிலை பாக்கு வாங்கினாலும், தையிலிருந்து அடுத்த தை வரை அங்கேதான் கிடப்பாள். அப்படிப்பட்டவள் 1936ஆம் வருஷம் சென்னியம்மாள் வீட்டில் அரை நாள்கூட நிற்கவில்லை.

காலையில் போனதும் ஒரு குடம் தண்ணீர் சேந்தினாள். இழுக்க இழுக்கக் கயிறு வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு ஆழக் கிணற்றுக்கு ராட்டினம் கிடையாது. ராட்டினம் போட்டால் பொம்பளைகளுக்கு உடம்பு வணங்காது என்பது சென்னியம்மாளின் சட்டம்.

பாவாயி உள்ளங்கையைப் பார்த்தாள். மடியில் இருந்த வெற்றிலை பாக்கை எடுத்துக் கிணற்று மேட்டில் வைத்தாள்.

"வெத்தலய வாங்கிட்டுப் பேச்சு மாறுறியே, வெக்கமா இல்லியா?" என்று குதித்தாள் சென்னியம்மாள்.

"இருக்குதுங்க சாமி. உங்க மருமக கோவிச்சுக்கிட்டு அப்பன் ஊட்டுக்குப் போனப்ப, கொழுப்பெடுத்துப் போறான்னு ஊரெல்லாம் பேசினேனுங்க. அதுக்குத்தானுங்க வெக்கமா இருக்குது."

சொல்லிவிட்டு வாசல் படலைத் திறந்துகொண்டு போயே போய்விட்டாள்.

"போனாப் போடி!" என்று சென்னியம்மாளே கயிற்றைப் பிடித்தாள். தன் கையாலேயே நாலு குடம் சேந்தினாள். ஐந்தாவது குடத்துக்கு, ராட்டினம் போட ஆசாரிக்கு ஆள் விட்டாள்.