திரை கட்டிய படகு

ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்து இரண்டு மூன்று கோடை கழிந்திருக்கும். நான் ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, என் முதல் பிள்ளை கைக்குழந்தையாக இருந்த வருஷம். அந்தக் கோடையில்தான் எங்கள் வீட்டார் எல்லோரும் பழவேற்காட்டு ஏரிக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கினோம். தோல் வியாபாரக் குடும்பங்கள் வெயிலுக்குப் பயந்து பெங்களூர், ஊட்டி என்று போவதுண்டு. ஏரிக்கரையில் கூடாரம் போட்டுக்கொண்டு தீவு தீவாகப் படகில் போய்வரலாம் என்று கிளம்பிய குடும்பம், எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.

எங்கள் வீட்டுக்குப் பெரியவர் என் கணவரின் மூத்த அண்ணன். தோல் பதனிடும் ஷாப்பு அவர் பொறுப்பில் இருந்தது. தோலிலிருந்து மயிர் கழலச் சுண்ணாம்பு வேண்டும். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு என்றால் அவருக்கு உயிர். அதை வாங்க வருஷத்துக்கு ஒரு தடவை அவரே நேரில் போவார். போய்வந்தால் பத்து நாளைக்கு வீட்டில் ஏரிப் பேச்சுதான். அக்கரை தெரியாத தண்ணீர், நடுவில் தீவுகள், கூட்டம் கூட்டமாக நாரைகள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா பிறந்தது குடியாத்தம், வாழ வந்தது ஆம்பூர். அவர் பார்த்த ஆறெல்லாம் மணல். ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டார்.

"வருசா வருசம் சொல்றீங்க. ஒரு தடவ எங்களையும் இட்டுக்கினு போய்க் காட்டுங்களேன்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அக்கா வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான் என்று பெரியவரே பிற்பாடு என் கணவரிடம் சொன்னாராம்.

அவ்வளவுதான், ஏற்பாடுகள் ஆரம்பமாயின. சீமைக்குத் தோல் கட்டு அனுப்ப என்ன பாடு படுவாரோ அதே பாட்டை எங்களை அனுப்பவும் பட்டார். வேலூரில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது இரண்டு கூடாரம் எடுத்துவந்தார். தோல் காயப்போடும் களத்தில் அவற்றை அடித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்களை உள்ளே உட்காரவைத்துப் பார்த்தார். வெயிலும் தோல் வாடையும் சேர்ந்து என் பிள்ளை ஊரைக் கூட்டிவிட்டான். கூடாரம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று நானும் அக்காவும் ஒரே குரலில் சொன்னோம். வெளியே வர அது ஒன்றுதான் வழி. ஏரித் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று நல்ல தண்ணீருக்குப் பீப்பாய்கள் தயாராயின. குழந்தைகளின் பாலுக்கு ஒரு வெள்ளாடும் எங்களோடு வருவதாக இருந்தது. ஆட்டுக்கு ரயிலில் டிக்கெட் எடுக்கவேண்டுமா என்று ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி விசாரித்தவர் எங்கள் பெரியவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எல்லாவற்றையும்விட அவருக்குக் கவலை கொடுத்தது படகு. எங்கள் குடும்பத்துப் பெண்கள் கோஷா, அன்னிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. எங்கே போனாலும் கூண்டு வண்டி, வண்டிக்கு முன்னும் பின்னும் திரை. படகுக்குக் கூண்டு ஏது? மூலைக்கு ஒரு மூங்கில் நட்டு, நாலு பக்கமும் திரை கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. தைக்கிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். கோஷா விஷயத்தில் அக்கா பெரியவரைவிடக் கண்டிப்பு. நல்ல கெட்டிக் காடாத் துணியாக எடுத்து, இரண்டு மடிப்பாகத் தைத்தார். கயிறு வைத்தால் அவிழ்ந்துவிடும் என்று ஷாப்பிலிருந்து தோல் வார் தருவித்து ஓரம் பூராவும் கோர்த்தார். பார்க்கத்தானே போகிறோம், இதற்குள் குந்திக்கொண்டு எதைப் பார்ப்பது என்று நான் சீண்டினேன். தண்ணீர் சத்தமாவது கேட்கும் என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் இந்தத் திரையையும் சோதிக்காமல் விடவில்லை. ஒரு கயிற்றுக் கட்டிலைப் படகு என்று வைத்துக்கொண்டு, கால்களில் மூங்கில் கட்டி, திரையை மாட்டி, அக்காவின் இரண்டு பெண்களையும் உள்ளே ஏற்றினார். ஷாப்பு ஆட்கள் கட்டிலைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். பெண்கள் சிரித்து உருண்டார்கள். ஒரு முடிச்சுகூட இளகவில்லை. பெரியவருக்கு மகா திருப்தி. அன்றைக்கு அந்தக் களத்தில் காற்று மருந்துக்கும் இல்லை என்பதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து வண்டி. சுண்ணாம்பு வியாபாரி ஏரிக்கரையில் தன் சவுக்குத் தோப்பை ஒழித்துக் கொடுத்திருந்தார். கூடாரத்தில் ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. எங்கள் கூடாரத்தை நடுவில் துணி போட்டு அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று பிரித்திருந்தார்கள். வந்த களைப்பில் முதல் நாள் தூக்கத்திலேயே போயிற்று. மறுநாள் காலை தீவுக்குப் புறப்பட்டோம்.

இரண்டு படகுகள். முன்னால் போனதில் என் கணவரும் மற்ற ஆண்களும் இருந்தார்கள். பின்னால் திரை கட்டிய எங்கள் படகு. உள்ளே அக்கா, அவருடைய பெண்கள், கைப்பிள்ளையோடு நான். திரைக்கு வெளியே முன்பக்கம் பெரியவரும் ஒரு படகுக்காரரும், பின்பக்கம் இன்னொரு படகுக்காரர். காற்றே இல்லை. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தோம்.

தீவில் ஒரு பக்கத்தை எங்களுக்கு விட்டுவிட்டு ஆண்கள் மறுபக்கம் போய்விட்டார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார். பிறகு முழங்கால் வரைக்கும் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரமாட்டேன் என்றார். எனக்கு அவரைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் அவர் ஓரிடத்தில் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் திரும்பினோம். அந்த ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவு தண்ணீர்தான். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்கு எதிரே மட்டும் ஒரு பள்ளம் உண்டு. அங்கே படகை ஊன்றித் தள்ளுகிற கோலுக்கு அடி எட்டாது. அதைத் தாண்டுகிற சமயத்தில் மேற்கே கறுத்திருக்கிறது. உள்ளே இருந்த எங்களுக்கு வானம் தெரியாது, வெளிச்சம் குறைந்ததுதான் தெரிந்தது. பிறகு காற்று வந்தது.

திரை படீரென்று ஒரு தடவை அடித்துக்கொண்டது. அப்புறம் அடிக்கவே இல்லை, உப்பிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. பெண்கள் இரண்டும் என்மேல் வந்து விழுந்தன. பின்னால் இருந்த படகுக்காரர் சத்தம் போட்டார்.

"மொதலாளி, கோலு எட்டல. துணிய எடுக்கச் சொல்லுங்க. அது நம்மள கடலுக்கு இஸ்துக்கினு போவுது."

பெரியவர் திரையைத் தொடவில்லை. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. திரைக்கு இந்தப் பக்கம் வீட்டுப் பெண்கள், அந்தப் பக்கம் அன்னிய ஆண்கள் இரண்டு பேர். இந்த இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காமல் காப்பதே தன் கடமை என்று வாழ்ந்தவர். அந்த நேரத்தில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. காற்றிடம் சொல்லியிருக்கலாம்.

முகத்துவாரத்து அலைச் சத்தத்தைக் கரையில் இருக்கும்போது தூரத்தில் கேட்டிருந்தேன். இப்போது அது திரைக்கு அடுத்தாற்போல் கேட்டது. முந்தானையை அவிழ்த்துப் பிள்ளையை என் வயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். முழுகினால் சேர்ந்தே முழுகட்டும் என்றுதான் நினைத்தேன். தப்பிப்பதைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை.

அக்கா எழுந்து முழங்காலில் நின்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நனைந்த தோல் வார் இறுகிக்கிடந்தது. அவர் போட்ட முடிச்சுதான், அவருக்கே மசியவில்லை. ஒரு நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. உடனே சாப்பாட்டுக் கூடையைத் துழாவி, மாம்பழம் நறுக்கக் கொண்டுவந்த கத்தியை எடுத்தார். பெண்களைக் குனியச் சொல்லிவிட்டு, காற்று வந்த பக்கத்து வாரை மேலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தார். பாதி அறுப்பதற்குள் மிச்சத்தைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. அடுத்த பக்கத்தையும் அறுத்தார். அத்தனை கஷ்டப்பட்டுத் தைத்த திரை தண்ணீரில் விழுந்து, எங்களுக்கு முன்னால் கடலைப் பார்த்துப் போனது.

படகு நிமிர்ந்தது. திடீரென்று எல்லாம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் வெள்ளையாக உடைகிற அலை வரிசை, துடுப்புப் போடுகிற இரண்டு பேர். எங்கள் முகத்தைப் பார்க்க அந்த இரண்டு பேருக்கும் நேரமே இல்லை. பெரியவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். மேலே போர்த்தியிருந்த துப்பட்டி நழுவி, தலைமயிர் பறக்க, கையில் கத்தியோடு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் ஒரு துடுப்பு எடுங்க" என்றார் அக்கா.

அவர் எடுத்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து போட்டார்கள். எவ்வளவு நேரம் போட்டார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பின்னால் இருந்தவர் மறுபடி கோலை விட்டுப் பார்த்து, எட்டிட்டுது என்று மெதுவாகச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

முன்னால் போன படகு அதற்குள் கரை சேர்ந்திருந்தது. என் கணவரும் சுண்ணாம்பு வியாபாரியும் தண்ணீரில் இறங்கி ஓடிவந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள். திரை எங்கே என்று வியாபாரி கேட்டார். காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்றார் பெரியவர். நல்ல பதில். யாருக்கும் தலைகுனிவில்லை. வியாபாரியும் அல்லாதான் காப்பாற்றினான் என்று சொல்லிவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அன்றுவரை அக்காவின் குரலை அன்னிய ஆண் ஒருவரும் கேட்டதில்லை. ஈரத் துப்பட்டியைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் சொன்னார்.

"காத்து பிக்கல. நான்தான் அறுத்தேன்."

என் கணவர் மணலைப் பார்த்தார். வியாபாரி தோப்பைப் பார்த்தார். அக்கா பெண்களைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்கு நடந்துவிட்டார். எனக்கு அக்கா மேல் கோபம்தான் வந்தது. உயிர் பிழைத்தாயிற்று, அந்தச் சின்னப் பொய்யை விட்டுவைத்தால் என்ன? நாலு பேர் எதிரில் கணவரைப் பொய்யராக்கி, தன்னையும் எவ்வளவு பெரிய பேச்சுக்கு ஆளாக்கிக்கொண்டார்! துணி பிழிந்துகொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன். அக்கா கொஞ்சமும் சூடில்லாமல் பதில் சொன்னார்.

"காத்து பிச்சிக்கிச்சின்னா, நாளைக்கு இன்னொருத்தர் இதே மாரி கட்டிக்கினு வருவாங்க. ஆபத்துன்னா அதுவா பிச்சிக்கும்னு நம்பி உள்ள குந்திக்கினு இருப்பாங்க."

அவர் சொன்னது சரி என்றே பட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. பெரியவர் யாரோடும் பேசாமல் ஏரிக்கரையில் தனியாக நடந்துகொண்டிருந்தார். காலையில் மூட்டை கட்டவேண்டியதுதான் என்றார் என் கணவர். ஊருக்குப் போனபின் அக்காவை ஏதாவது சொல்வாரோ, தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்றெல்லாம் என் மனம் ஓடியது. அப்படி அனுப்பப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன், இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு.

விளக்கு வைத்த பிறகு பெரியவர் அக்காவின் பக்கத்துக்கு வந்தார். நான் நடுத்துணிக்கு இந்தப் பக்கம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவேண்டும் என்று இல்லை. கூடாரத்தில் கேட்காமல் இருக்க வழி கிடையாது. பெரியவர்தான் முதலில் பேசினார்.

"நான் அறுத்திருக்கணும்."

அக்கா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆமாமுக்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"கத்தி கூடைக்குள்ள கெடந்துது" என்றார் அக்கா. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குப் பெரியவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று துணி வழியாகத் தெரியவில்லை.

நாங்கள் மூட்டை கட்டவில்லை. இருந்த நாட்களில் இன்னும் இரண்டு தீவுகளுக்குப் போனோம், மூங்கிலும் திரையும் இல்லாத படகில், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு. ஆம்பூருக்குத் திரும்பிய பின் கூண்டு வண்டிக்கு எப்போதும்போல் திரை கட்டிக்கொண்டுதான் வெளியே போனோம். அக்கா எதையும் மாற்றிவிடவில்லை.

எனக்கும் கல்யாணமாகி வெகுகாலம் ஆகிறது. வீட்டில் சண்டை வந்து, தப்பு என் கணவருடையதுதான் என்று நிச்சயமாகத் தெரிகிறபோது அந்தக் கூடாரம் என் ஞாபகத்துக்கு வருகிறது. ஊருக்குத் தெரியவேண்டிய உண்மையைக் கரையில் நின்று அப்படிப் பிடிவாதமாகச் சொன்ன மனுஷி, தனக்கு மட்டும் சேரவேண்டிய நியாயத்தை உள்ளே வந்து அவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தார். எதை எங்கே சொல்வது, எதை எங்கே விடுவது என்பது எனக்கு இன்னும் அவரளவுக்குப் பிடிபடவில்லை.