முழங்காலுக்கு மேலே போன பந்து

அண்ணன் போய் முப்பதாம் நாள் காரியம்கூட இன்னும் ஆகவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். பந்து, பந்து என்று அலைந்துதான் அவன் நெஞ்சு கெட்டுப்போனதாம். நான் மோரைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அங்கேயே நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன். அன்றைக்குச் சேலம் மைதானத்தில் அவர்கள் யாரும் இல்லை. நான் இருந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது. நூல் கிடைக்காமல் ஜலகண்டாபுரத்தில் பாதித் தறி சும்மா கிடந்தது. எங்கள் ஊருக்கென்று ஒரு பந்து டீம் உண்டு. நூல்கடை முதலாளிதான் அதை நடத்தினார். ஊர் டீம் என்றால் சட்டை மட்டும்தான் ஊருடையது. அதைப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் பெங்களூர்க்காரர்களும் கோலார்க்காரர்களும். முதலாளி பஸ் செலவு கொடுத்து, கறிச்சோறு போட்டு, அவர்களைக் கூட்டி வருவார். எங்கள் பையன்கள் கோட்டுக்கு வெளியே நின்று அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பார்கள். ஊருக்குள் தெருவுக்குத் தெரு ஒரு டீம் இருந்தது, வருஷம் முழுக்கப் பந்தயமும் நடந்தது. முதலாளி அதை ஆட்டமாகவே மதித்ததில்லை.

அந்த வருஷம் பெங்களூர்க்காரர்களும் கோலார்க்காரர்களும் ஒருத்தர் விடாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்துச் சேலத்தில் நாலு டீம் ஆடுகிற ஒரு சிநேகப் பந்தயம் வந்தது. மேலத்தெரு டீமுக்குத் தலைவன் என் அண்ணன். தெரு டீம்களிலிருந்தே ஆள் பொறுக்கிக்கொண்டு போகிறோம் என்று அவன் போய்க் கேட்டான். வேறு வழியில்லாமல் முதலாளி சரி என்றார்.

"போயிட்டு வாங்கப்பா. ஆனா சிரிப்பா சிரிச்சு வந்தீங்கன்னா, அத்தோட டீமைக் கலைச்சுப்போடுவேன். அப்பறம் ஜலகண்டாபுரத்துல பந்துன்னு ஒரு பேச்சு இருக்கக்கூடாது, ஆமா."

"சரிங்க முதலாளி," என்றான் அண்ணன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பழைய சட்டைகள் பெரிய ஆள்களுக்குத் தைத்தவை. எங்கள் பையன்கள் போட்டால் முட்டிவரை தொங்கும். அதனால் அண்ணன் தன் தறித்துணியிலேயே பதினொரு சட்டை தைக்க வைத்து, சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தான். இன்னும் ஊற வேண்டும் என்று சாயக்கார மாமா தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்க நேரமில்லை. சட்டையைக் கட்டிக் காபந்து பண்ண ஆள் வேண்டும் என்று சொல்லி அண்ணன் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டான்.

"பொட்டப்புள்ளைக்குப் பந்தாட்டத்துல என்னடி சோலி?" என்றாள் அத்தை. நான் மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்பாவின் மடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா எதற்கு வந்தார் என்றுதான் எனக்குப் புரியவில்லை. பந்து என்றாலே அவருக்கு ஆகாது. அதற்குக் காரணம் பாவு.

எங்கள் ஊரில் மைதானம் கிடையாது. தெருதான் மைதானம். அந்தத் தெருவின் ஒரு பாதியில், தறியில் ஏற்றுகிற நீளநூலான பாவை நீட்டியிருப்பார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இடுப்பு உயரத்தில் நூல் காய்ந்துகொண்டிருக்கும். மறுபாதியில் பந்து. பந்து எழும்பிப் பாவில் விழுந்தால் ஒரு வீட்டின் பிழைப்பே அறுந்துபோகும். அதனால் ஊருக்கெல்லாம் ஒரே சட்டம். பந்து முழங்காலுக்கு மேலே போனால் ஆட்டம் நின்றுவிட வேண்டும். ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். பாவுக்குக் காவல் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து இழை இழையாகப் பார்ப்பார். அறுந்திருந்தால் உதைத்தவனே உட்கார்ந்து முடிச்சுப் போட வேண்டும். அறாமல் இருந்தால் அவர், "இழை அறுகல!" என்று ஒரு குரல் கொடுப்பார். அப்புறம்தான் யாரும் காலை அசைப்பார்கள். எங்கள் தெருவில் அந்தக் குரல் அப்பாவுடையது. எட்டுத் தெருவுக்குக் கேட்கும்.

சேலத்தில் காலையில் எடப்பாடிக்காரர்களோடு ஆட்டம். அவர்களும் நெசவுக்காரர்கள், அவர்களும் தெருவில் ஆடினவர்கள். பந்து ஒரு தடவைகூடத் தரையை விட்டு எழவில்லை. அண்ணன் ஒரு கோல் போட்டான், ஜெயித்தோம். வேடிக்கை பார்த்த சேலத்துக்காரர்கள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் கடைசி ஆட்டம். எதிரே பெங்களூர்ப் பட்டாளத்து டீம். எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். எங்கள் ஆள்கள் வெறுங்கால். பட்டாளத்து டீமில் ஒருத்தரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் எங்கள் ஊர்ச் சட்டை போட்டு ஆடியவர். எங்கள் வீட்டுச் சோற்றையும் ஒரு வேளை சாப்பிட்டவர். அண்ணனைப் பார்த்துக் கையசைத்தார்.

"என்னப்பா, தண்ணி குடுக்கற பையனா நீ? இன்னிக்கு நீயே ஆடறயா?"

"ஆமாங்க. இன்னிக்குத் தண்ணி நீங்களே மொண்டுக்கோணுமுங்க," என்றான் அண்ணன்.

ஆட்டம் ஆரம்பித்த சுருக்கில் ஒரு பட்டாளத்துக்காரர் பந்தை ஓங்கி உதைத்தார். அது பனைமர உயரத்துக்குப் போனது. எங்கள் பதினொரு பேரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கோல் காக்கிறவனும் நின்றான். பந்து இறங்கி வந்தது. இன்னொரு பட்டாளத்துக்காரர் அதை நிதானமாக உருட்டிக்கொண்டு போய் கோலுக்குள் தள்ளினார்.

மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

"பட்டாளத்தைக் கண்டதும் கையைத் தூக்கிட்டானுங்கடோய்!"

"தறிக்காரன் சரண்டர்! தறிக்காரன் சரண்டர்!"

அண்ணன் ஆள்களைத் திட்டினான், தன் தலையிலும் அடித்துக்கொண்டான். என்ன பிரயோஜனம்? நடை பழகின நாளிலிருந்து வந்த பழக்கம், மூளைக்குத் தெரிந்தாலும் காலுக்குத் தெரியவில்லை. இரண்டாம் தடவை பந்து எழும்பியபோது திட்டின அண்ணனே கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். இரண்டாவது கோலும் விழுந்தது. முதலாளி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். டீம் கலைந்துவிட்டது என்று நான் அழ ஆரம்பித்தேன். அழுத கண்ணால் பார்க்கும்போது இன்னொரு கூத்து. வேர்வையில் சாயம் ஓடி எங்கள் ஆள்களின் கை, கால், வேட்டி எல்லாம் சிவப்பாகிவிட்டது. ரத்தம் என்று நினைத்துப் பட்டாளத்துக்காரர்கள் மோதவே தயங்கினார்கள்.

பாதி ஆட்டம் முடிந்து மறுபாதி தொடங்கியது. பந்து மறுபடியும் மேலே போனது. பதினொரு பேரும் கை தூக்கினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தன்னை அறியாமல் எழுந்து நின்றார். ஆகாயத்தைப் பார்த்தார், பந்து விழுகிற இடத்தைப் பார்த்தார். அங்கே நூலும் இல்லை, பாவும் இல்லை.

"இழை அறுகல!" என்று கத்தினார்.

கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி பதினொரு பேரும் பாய்ந்தார்கள். பந்தை வாங்கியது அண்ணன். அப்புறம் அது தரையை விட்டு எழவில்லை. அவன் காலிலிருந்து இவன் காலுக்கு, இவன் காலிலிருந்து அடுத்தவன் காலுக்கு, தறியில் நூலை இழுத்துக்கொண்டு நாடாக்கட்டை இப்படியும் அப்படியும் ஓடுகிற மாதிரி ஓடியது. நான்கு பக்கம் நெருக்குகிற சந்துக்குள்ளேயே ஆடிப் பழகினவர்களுக்கு அவ்வளவு பெரிய மைதானம் கல்யாணப் பந்தல் மாதிரி இருந்திருக்க வேண்டும். பூட்ஸ்கால்கள் திரும்புவதற்குள் பந்து கோலுக்குள் கிடந்தது.

அப்பாவுக்கு என்ன செய்தோம் என்றே தெரியவில்லை. வெட்கத்தோடு உட்காரப் போனார். முதலாளி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார்.

"உக்காராதீங்க! சாமி, உக்காராதீங்க! பந்து எழும்பறப்பெல்லாம் கத்துங்க!"

அப்பா கத்தினார். அப்பாவோடு நானும் கத்தினேன். பஸ்ஸில் வந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் கத்தினார்கள். காலையில் தோற்றுப்போன எடப்பாடிக்காரர்களுக்கும் அந்தக் குரலின் அர்த்தம் தெரியுமே, அவர்களும் எழுந்து கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில், அர்த்தம் தெரியாத சேலத்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பட்டாளத்துக்காரர் பந்தை உயர உதைப்பார், மைதானமே "இழை அறுகல!" என்று அதிரும், எங்கள் ஆள்கள் பாய்வார்கள். பந்தை மேலே அடிக்கவே அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. தரையில் ஆடினார்கள். தரையில் எங்களோடு யார் ஆட முடியும்?

இரண்டாவது கோல் கீழத்தெருப் பையன் போட்டான். ஜெயிக்க வைத்த மூன்றாவது கோலை அண்ணன் போட்டான். போட்டுவிட்டு ஓடாமல், குதிக்காமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மைதானம் முழுக்கக் கையைத் தூக்கியது.

முதலாளி ஒவ்வொருத்தரையும் கட்டிப்பிடித்ததில் அவருடைய வெள்ளை ஜிப்பா முழுக்கச் சிவப்பாகிவிட்டது. "இனிமே எவனும் வெளியூர்ல இருந்து வர வேண்டாம்! நம்ம பசங்கதான்! நம்ம பசங்கதான்!" என்று அழுதார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். போன வருஷம் எங்கள் ஊரில் சாப்பிட்ட அந்தப் பட்டாளத்துக்காரர் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார். அதை அவர் குடிக்கவில்லை, அண்ணனைத் தேடிக் கொடுத்தார்.

அண்ணன் கூட்டத்தை விட்டு விலகி ஒரு புளியமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இருமிக்கொண்டிருந்தான். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள் இருமுவது எங்கள் ஊரில் புதிது இல்லை. தண்ணீர் கொடுத்தவர் போனதும் அண்ணன் சட்டை ஓரத்தால் வாயைத் துடைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணா, உன்ர வாயெல்லாம் சாயம்!"

அவன் அந்த ஓரத்தைப் பார்த்தான். உள்பக்கமாக மடித்துக்கொண்டான். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆமா சாமி. சாயம்தான். ஊட்டுக்குப் போனதும் அம்மாகிட்டக் காட்டாம நீயே தொவச்சுப்போடு, என்ன?"

மறுநாள் காலையில் பதினொரு சட்டைகளையும் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முக்க முக்கத் தொட்டித் தண்ணீர் சிவந்தது. கடைசியில் எல்லாச் சட்டையும் வெளுத்து ஒரே மாதிரி ஆகிவிட்டது. அண்ணனுடையதில் மட்டும் ஓரத்தில் ஒரு திட்டு, எவ்வளவு கசக்கியும் போகவே இல்லை. நான் அதைக் கொடியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் காயப்போட்டேன். பதினொன்றில் என் அண்ணன் சட்டைக்குத்தான் சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று, தண்ணீர் சேந்த வந்தவர்களிடமெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன்.