நான் எழுதிய ஜீல், அவர் திருத்திய ஜெஸ்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. தினமும் பயிற்சி செய்தால் கை திரும்பும் என்றார் டாக்டர். அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினேன். மணிக்கொரு தரம் அலாரம். பந்தை அமுக்குவது ஐம்பது முறை, விரலை நீட்டுவது ஐம்பது முறை. ஒன்று குறைந்தாலும் விடமாட்டேன். போகப் போக, அலாரம் அடித்தாலே கணவர் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார்.

அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். இப்போது பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். ஒருநாள் தயங்கித் தயங்கி, "சாரு இஸ்கூல் புள்ள மாரி பயந்துக்கினு கீறாரும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விடுவிடென்று உள்ளே போய்விட்டேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. பக்கவாதம் வருமுன் என் கணவர் ஒருநாளும் விடாமல் போட்டுவந்தது ஆங்கிலப் பேப்பரில் வரும் குறுக்கெழுத்து. மறுநாள் காலை அந்தப் பேப்பரோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உற்சாகத்தைக் குறிக்கும் நான்கெழுத்துச் சொல். முதல் இரண்டும் இஸட், இ. 'ஜீல்' (zeal) என்று நிரப்பினேன். இல்லை என்று தலையாட்டினார்.

"ஏங்க, கட்டத்துல சரியாத்தானே பொருந்துது?" என்றேன்.

சட்டென்று பேனாவைப் பிடுங்கினார், வலது கையால். விரல்கள் நழுவின. இடது கையால் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் கடைசி இரண்டு எழுத்துகளின் மேலேயே கோணல்மாணலாக எஸ், டி என்று எழுதினார். ஜெஸ்ட் (zest).

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். அவர் ஃபிரிட்ஜ் அட்டவணையைக் காட்டி, நான் எழுதிய சொல்லைச் சொன்னார். பிறகு ஆறிக்கொண்டிருந்த காபியையும் மடியிலிருந்த குறுக்கெழுத்தையும் காட்டி, குழறலாகத் தன் சொல்லைச் சொன்னார். புரிந்துவிட்டது. ஒன்று, காரியத்தை முடித்தே தீரவேண்டும் என்ற முனைப்பு. மற்றது, வாழ்வதை ருசிக்கிற துடிப்பு. பேனாவை அவர் கையிலேயே விட்டுவிட்டு அழுதேன்.

அன்றே அலாரத்தை நிறுத்தினேன். பார்த்துக்கொள்ள வருபவரிடம், நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். பயிற்சி நிற்கவில்லை, ஆனால் குறுக்கெழுத்தாகவும், அவர்கள் இருவரும் ஆடும் கேரமாகவும் மாறியது. கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. கேரத்தில் தோற்றால் மட்டும் கணவருக்குக் கோபம் முழுதாக வருகிறது.

அவரைக் குணப்படுத்த ஓடிய ஓட்டத்தில், எதற்காக அவர் குணமாக வேண்டும் என்பதையே மறந்திருந்தேன் என்ற நினைப்பு, யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பும்போதெல்லாம் இன்றும் என்னைக் கொஞ்சம் நிதானிக்க வைக்கிறது.