மேனாம்பேட்டில் ஏறிய பாதாள ராணி

“...அந்தம்மாவா பாதாள ராணி? தெனம் சாயங்காலம் மாமியாரா வந்து, மருமவ வெச்ச சாம்பார்ல உப்ப அள்ளிக் கொட்டுதே, அந்தம்மாவா? இன்னா மாமே, நாட்ல வேற ஆளே கெடைக்கலியா?”

மண்ணூர்பேட்டை டீக்கடையில் என் நண்பன் போட்ட சத்தத்தில், பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்திவிட்டு, எந்த வீட்டு மாமியாரோ என்று எட்டிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். நாங்கள் இளவட்டமாக இருந்தபோது வார இதழில் தொடராக வந்து, பிறகு தடித்தடிப் புத்தகங்களான மாயாஜாலக் கதை ஒன்றை ஓடிடி தொடராக எடுத்திருந்தார்கள். யாருக்கு என்ன வேஷம் என்று அன்று காலைதான் படத்தோடு அறிவித்திருந்தார்கள்.

அந்தக் கதையை நாங்கள் படித்த விதமே தனி. அம்பத்தூர் எஸ்டேட்டில் எல்லோருக்கும் ஒரே கம்பெனி. கம்பெனி பஸ்ஸில் நண்பன் உரக்கப் படிப்பான், பஸ்ஸே கேட்கும். கேட்டபடியே வேஷம் பிரிப்போம். பிணம் தின்னும் மந்திரி எங்கள் சூப்பர்வைசர். “மேக்கப் செலவு மிச்சம்” என்பான் நண்பன். ஆளை மயக்கும் பச்சிலைச் சாறு காய்ச்சும் கிழவன், கேன்டீன் காண்ட்ராக்டர். அவருடைய ரசத்தைக் குடித்தவர் யாரும் அந்தத் தேர்வை எதிர்க்கவில்லை.

பாதாள ராணிக்கு மட்டும் ஆள் அமையவில்லை. ஒருநாள், பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் மேனாம்பேடு நிறுத்தத்தில் ஏறினாள். பெண்கள் சீட்டில் ஒரு தடியன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள். அவன் எழுந்துபோய் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் குந்திக்கொண்டான்.

“ராணி கெட்ச்சிட்டாங்க மாமே” என்றான் நண்பன், என் காதில். பிறகு அவளையே கல்யாணமும் செய்துகொண்டான். ஆனால் அவளிடம் இந்த வேஷத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அரக்கர்களைச் சுட்டுத் தின்கிறவளாக உன்னைத்தான் போட்டோம் என்று எந்த மகராசன் பெண்டாட்டியிடம் சொல்வான்?

ஆக, டீக்கடைச் சத்தம் இலக்கியத்துக்காக அல்ல. இத்தனை வருஷமும் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அவனுக்குத் தெரிந்தது ஒரே முகம். அதன்மேல் அந்த நடிகை வந்து உட்கார்ந்துகொண்டால் மனைவியின் அந்த முகம் போய்விடுமே என்று பயம். அதை வெளியே சொல்ல முடியாமல், பழைய கம்பெனி பஸ் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் ‘மூலக்கதைக்குத் துரோகம்’ என்று எழுதித் தள்ளினான். அந்நாளில் கதை முழுவதையும் தூங்கிக்கொண்டே கேட்ட ஒருவர் அவனைவிடக் கொதித்தார். காட்டுப்பாக்கத்துக்காரர் ஒருவர், ராணி வேஷத்துக்குத் தன் மருமகளின் போட்டோவையே அனுப்பிவிட்டார்.

முதல் பகுதி வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். “பாத்துட்டு கிழிச்சிட்றேன் பாரு” என்று, மின்விசிறிக்கு நேர் கீழே, சோபாவில் அவன் மனைவி எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கோ அந்த நடிகை என்றால் உயிர்.

“கேளுங்கண்ணா, ஒரு மாசமா திட்டிகினே கீறாரு. வேற யாரப் போட்டா நல்லாருக்கும்னு கேட்டா மட்டும் வாய்ல கொழுக்கட்ட” என்றபடி காபி போடப் போனாள்.

இளவரசன் வந்தான். ஜிம்மிலிருந்து நேராக வந்த உடம்பு. மாதக்கணக்கில் காட்டில் அலைந்தும் ஷாம்பூ பளபளப்பு குறையாத முடி. மந்திரியின் தலைப்பட்டம் குக்கர் கேஸ்கட்டேதான். நண்பனுக்கு ஏகத் திருப்தி. “சொன்னேனா இல்லியா?”

பிறகு பாதாள ராணி வந்தாள். அவளுடைய சிம்மாசனத்தில் மந்திரி காலாட்டிக்கொண்டிருந்தான். புத்தகத்தில் இந்த இடத்தில் அரைப்பக்கச் சாபம் உண்டு. அந்த அம்மா வாயே திறக்கவில்லை. எத்தனையோ மருமகள்களைச் சமையலறை வாசலில் நின்றே நடுங்க வைத்த கண்ணை, மெல்ல மந்திரியின் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான். அட்டை அரண்மனை கல்லானது. கேஸ்கட்டுக்குக்கூட மரியாதை வந்துவிட்டது.

மந்திரி எழுந்திருப்பதற்குள் என் நண்பன் எழுந்துவிட்டான்.

காபித் தட்டோடு வந்த மனைவி நின்றாள். “இன்னாய்யா, அது மந்திரியத்தான பாத்துச்சி? நீ ஏன் ஏந்துகின?”

“அது... பஸ்ல நீ பாத்த மாரியே பாக்குது.”

“எந்த பஸ்ல?”

“கம்பெனி பஸ்ல, மொத நாளு. அன்னிலேர்ந்து நீதான் எங்க எல்லாருக்கும் பாதாள ராணி.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள்.

அவன் அவள் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தான். அவளை அந்த இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, தரையில் குந்தி, ரிமோட்டை எடுத்துக் காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டான்.