இடதுபக்க புஷ்

என் காரின் முன்சக்கரத்தில் புஷ் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் அந்தச் சாமானைக் ட்ரே ட்ரேயாகத் தூக்கிச் சுமந்தவன் நான்.

புஷ் என்பது பெரிய விஷயமில்லை. சின்ன இரும்புக் குழாய்க்குள் பிடித்து வைத்த கெட்டி ரப்பர். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பள்ளத்தின் அடியை அது வாங்கிக்கொள்ளும். அது நைந்து போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். என் வண்டி இரண்டையும் செய்துகொண்டிருந்தது.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராக ஓடினேன். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் கம்பெனியில் ஒரு சீசன், கல் குவாரியில் கொஞ்ச நாள். குவாரியில் கால்விரல் ஒன்று நசுங்கிய பிறகு ஓசூருக்கு வந்து, ரப்பர் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ்ஸிலிருந்து புஷ் சூடாக வெளியே வரும். ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதை வெட்டுவதற்குப் பெண்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிரஸ்ஸிலிருந்து மேசைக்கு ட்ரே சுமப்பது என் வேலை. சாப்பிடும்போதும் கையில் ரப்பர் வாசம் இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. இன்று அந்த வாசம் எங்காவது வந்தால் நின்று மூச்சை இழுத்துக்கொள்கிறேன்.

அந்த மேசைகளில் ஒன்றில்தான் என் மனைவி இருந்தாள். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு ஊர். வீட்டில் கன்னடம். அந்த வருஷம் அவர்கள் ராகியை யானை தின்றுவிட்டது. அதனால் அவள் கம்பெனி பஸ் ஏறினாள். முதல் நாள் அவள் மேசையில் புஷ்ஷைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். அவள் நிமிர்ந்து, "சாக்கு" என்றாள். நான் ஸ்டோருக்கு ஓடி ஒரு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். மறுபடியும், இந்த முறை கத்தி, "சாக்கு! சாக்கு!" என்றாள். இன்னும் இரண்டு கொண்டுவந்தேன். மேசை மேசையாகச் சிரிப்பு பரவியது. கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். அந்த லைனில் வேலை பார்த்தவரை எனக்குப் பெயரே கோணி என்றுதான்.

கல்யாணமான பிறகும் நான் ஒரு இடத்தில் தங்கவில்லை. கம்பெனியை விட்டேன். ஒரு சூப்பர்வைசரிடமிருந்து இந்தப் பழைய காரை வாங்கினேன். பின்சீட்டைக் கழற்றிவிட்டுத் தக்காளி, கோஸ் நாற்று ட்ரேக்களை அடுக்கிக்கொண்டு போவேன். பேரிகைப் பக்கத்து நர்சரிகளில் ஏற்றுவேன். கோலார், சிந்தாமணி, அனந்தபூர் என்று கேட்ட இடத்தில் இறக்குவேன். இறக்கிய இடத்தில் வேறு வேலை கிடைத்தால் அதையும் பார்ப்பேன். நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வாரங்கள் கழித்து வந்ததுண்டு. தோட்டத்து மோட்டார் ரூமில் படுத்திருக்கிறேன், காரிலேயே சமைத்திருக்கிறேன். விடிகாலையில் ஈர நாற்று வாசத்தோடு, ஊர்பேர் தெரியாத ரோட்டில் போவது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தாலும் பிடிக்கிறது.

அவள் ஓசூரிலேயே இருந்தாள். ரப்பர் கம்பெனி, பிறகு தையல் கம்பெனி. வாடகை அவள் கட்டியது.

கொஞ்ச காலமாக ஒரு குடோனில் பகல் வாட்ச்மேனாக இருக்கிறேன். கார் ஊருக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் பழைய நர்சரிக்காரர் வழியில் பார்த்து, அனந்தபூருக்கு வாராவாரம் நாற்று போக வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். அன்றைக்கே நான் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். எதற்கு என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஆடற வண்டி ஆடிட்டுப் போவுது. ஊருக்குள்ள ஓட்டறதுக்கு எதுக்குப் புது புஷ்ஷு?" என்றாள்.

"பிரேக் புடிச்சா இடது பக்கம் இழுக்குதுடி."

"வலது பக்கம் திருப்பிக்க. இத்தினி வருஷமா நீ இழுத்த பக்கமெல்லாம் நான் திருப்பிக்கல?"

டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது என்றேன். இப்படியே விட்டால் ஸ்டியரிங் ராடும் போய்விடும் என்றேன். பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற ரோட்டுக்கே வண்டி தாங்காது என்றேன். அவள் அரிசியைக் களைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, "சாக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

போதும் என்றாளா, எல்லாம் வெறும் சாக்கு என்றாளா? இருபத்தைந்து வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டாள். இரண்டு மொழியிலும் அந்தச் சொல் அவளுக்குச் சொந்தம். முன்பென்றால் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். இந்த முறை வாசலில் நின்று, "எந்த சாக்கு?" என்று கேட்டேன்.

அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளேயிருந்தே சொன்னாள். "புஷ் மாத்துனா நீ போயிருவ. அதான். ஞாயித்துக்கிழம நானும் வர்றேன். அந்த மெக்கானிக்க நானே கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். மெக்கானிக் வீட்டில் தெலுங்கு, வாயில் எல்லா மொழியும். காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, கீழே இறங்கி, கடப்பாரையால் நெம்பிக் காட்டினான்.

"பாருணா, பாக்கு போட்டு மென்னு துப்புன மாதிரி இருக்குது ரப்பரு. வலது இன்னும் கொஞ்சம் ஓடும். இடதுதான் முழுசா காலி. எதிர்ல பஸ்ஸு வந்தா தார் ரோட்ட விட்டு எறங்குவீங்கல்ல, அந்த அடிதான்."

"பஸ்ஸு வரலன்னாலும் எறங்கறவருதான்," என்றாள் இவள். "ஏப்பா, இத மாத்துனா எவ்ளோ தூரம் போவும்?"

நான் அவனுக்குக் கண் காட்டினேன். பள்ளத்துக்குள் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

"எவ்ளோ தூரமா? காசி வரைக்கும் போலாம்க்கா."

"அது ஒண்ணுதான் பாக்கி. மாத்தலன்னா?"

"பக்கத்துல இருக்கற பாகலூரே சந்தேகம். திடீர்னு பிரேக் புடிச்சா அண்ணன் எந்தப் பக்கம் போவாருன்னு அண்ணனுக்கே தெரியாது."

அவள் குனிந்து பள்ளத்துக்குள் பார்த்தாள். நான், இப்போதைக்கு இடது பக்கம் மட்டும் மாற்றினால் போதும் என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா மறுபடி இழுக்காதா?" என்று பள்ளத்துக்குள் கேட்டாள். இழுக்கும் என்றான். "ரெண்டும் மாத்து," என்றாள்.

புது புஷ் வந்ததும் கவரைப் பிரித்து அவளே கையில் எடுத்தாள். கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினாள். முகம் மாறியது.

"பிசிறு நிக்குது பாரு. எங்க லைன்ல இது ரிஜெக்‌ஷன்."

"அக்கா, வண்டிக்கு அடியில போறத யாரு பாக்கப் போறா?"

"எங்க சூப்பர்வைசர் பாப்பான். அவனுக்குப் பொண்டாட்டி மொகத்துல இருக்கற மரு தெரியாது. இது தெரியும்," என்றாள். முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நானும் முகர்ந்தேன். அதே வாசம். சூடான பிரஸ், மேசை வரிசை, பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள் எல்லாம் ஒரு நொடி அந்த ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து போயின. மெக்கானிக் பிளேடு ஒன்று கொடுக்க, அவள் உட்கார்ந்து இரண்டையும் சுற்றி வெட்டிக் கொடுத்தாள். கை மறக்கவில்லை.

முன்பு ஒருமுறை சிந்தாமணியில் ரோட்டோரக் கடையில் இதே வேலையைச் செய்யக் கொடுத்திருக்கிறேன். அங்கே சக்கரம் காற்றில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டார்கள். வண்டி தரைக்கு இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டது. ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இவன் அப்படிச் செய்யவில்லை. போல்ட்டைத் தொளதொளவென்று விட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கிவிட்டு மறுபடி பள்ளத்தில் இறங்கினான்.

"ஓட்டறப்ப இருக்கற வெயிட்டுல வெச்சு முறுக்கணும். ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. ஆடாதீங்க."

ஏறினோம். அவள் என் இடது பக்கம் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு முன்னால் ஒர்க்‌ஷாப் சுவரும் டயர் குவியலும்தான். காலுக்கு அடியில் ஸ்பேனர் சத்தம்.

"அனந்தபூருல என்ன இருக்குது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வெயிலு. கடலக்காடு."

"ஒண்ணுமில்லாத ஊருக்கா வாரக்கணக்குல போவ?"

"போற வழி நல்லா இருக்கும்," என்றேன்.

"ஆடாதீங்கணா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. நாங்கள் ஆடவில்லை, அவள் சிரித்ததில் சீட் குலுங்கியிருக்கிறது.

அவள் தான் உட்கார்ந்திருந்த சீட்டைத் தடவிப் பார்த்தாள். துணியில் பழைய சேறு காய்ந்து கறையாகியிருந்தது.

"இங்க என்ன வெப்ப?"

"இங்கயும் ட்ரேதான். பின்னாடி எடம் பத்தாது."

"இனிமே வெக்காத," என்றாள். "ஞாயித்துக்கிழமையா பாத்து லோடு கேளு. எனக்கு அன்னிக்குத்தான் லீவு."

மறுநாள் நர்சரிக்காரருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன், ட்ரேயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வண்டி தாங்காதா என்று கேட்டார். வண்டி தாங்கும், முன்சீட்டில் ஆள் வருகிறது என்றேன்.