ஒரு கை நீச்சல்

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நிற்கிற வேலை. ஒரு பீஸ் முடிய எத்தனை நொடி, எவன் இழுத்தடிக்கிறான் என்று குறித்துக்கொண்டே இருப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் மகளைச் செங்கல்பட்டில் நீச்சல் பயிற்சிக்குச் சேர்த்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால், அதே வாட்ச்சோடு நேரே நீச்சல் குளத்துக்குத்தான் போவேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயசு. நல்ல வேகம். மாநிலப் போட்டிக்குப் போயே தீருவாள் என்று நான் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். ஆனால் பயிற்சி தந்த அம்மா வேகமாக நீந்தவே விடமாட்டார். ஒரு கையை முன்னால் நீட்டி வைத்து மறு கையால் மட்டும் நீந்து, முஷ்டியை மூடிக்கொண்டு நீந்து, ஒருக்களித்துப் படுத்துக் காலை மட்டும் அடி. ட்ரில், ட்ரில், தினமும் இதே ட்ரில். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னா மேடம், வெளயாடிகினு கீறீங்களா? பறக்குற பொண்ணு, தவழுது பாருங்க."

"வாட்ச்சைக் கீழ வைங்க சார். அவ கை எங்க இறங்குதுன்னு பாருங்க. தலையைத் தாண்டி அந்தப் பக்கம் போவுது. இப்ப திருத்தலைன்னா தோள் போயிடும்."

கேட்டேனா நான்? ஞாயிற்றுக்கிழமையானால் மச்சானுடைய பம்புசெட் கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போவேன். சுவருக்குச் சுவர் ஐம்பது தடவை, ட்ரில் கிடையாது. "தோள் வலிக்குதுப்பா" என்பாள். "பழகிடும், போ" என்பேன். வாரமெல்லாம் அந்த அம்மா திருத்தியதை ஒரே நாளில் கெடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நொடி குறைந்தது, நானும் பூரித்துப்போனேன்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டியில் பாதி தூரம் அவள்தான் முதலில். திடீரென்று நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலது கை மேலே எழவில்லை. அவளோடு ட்ரில் செய்த, எப்போதும் பின்னாலேயே வரும் பெண் அவளைத் தாண்டிப் போய்த் தேர்வானாள். தோளில் தசைநார் கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். அந்த அம்மா என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் மகள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆபீஸில் எல்லோரையும் குடும்பத்தோடு மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே குளத்தில் இறங்கினாள். மேலே தூக்க முடியாத வலது கையை உடம்போடு ஒட்டி வைத்து, இடது கையால் மட்டும், அந்தப் பழைய ட்ரில். கை தோளுக்கு நேராக இறங்கியது. எவ்வளவு அழகு! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து அழுதேன்.

சுவரைத் தொட்டு நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம்ப்பா?"

"பாக்கலம்மா." வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரொம்ப மெதுவாப் போயிட்டேன், இல்ல?" என்றாள்.