கட்டிப் பிடிக்காத தம்பி

குத்துச்சண்டையில் அடி தாங்க முடியாத நேரத்தில் எதிராளியின் கைகளை இறுக்கிக்கொண்டு அவன் மேலேயே சாய்ந்து நிற்பதற்குக் கிளிஞ்ச் என்று பெயர். நடுவர் பிரித்து விடுவதற்குள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், கலங்கின தலையும் தெளியும். என் தம்பியிடம் பயிற்சியாளர் இதைக் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். முதல் போட்டிக்குப் பிறகு அவன் ஒருநாளும் அதைச் செய்யவில்லை.

காரணம் எங்கள் ஊர்தான். ஆவூர்ப் பக்கம் ஜல்லிக்கட்டில் காளையின் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்கினால் அண்டா, சைக்கிள், கைதட்டல். அதே ஜனம் புதுக்கோட்டை மைதானத்தில் ஒருத்தன் எதிராளியைக் கட்டிக்கொண்டால் விசிலடித்துச் சிரிக்கும். மாட்டுக்கு ஒரு நியாயம், மனுசனுக்கு ஒரு நியாயம். அந்த முதல் போட்டியில் தம்பி பிடித்தபோதும் சிரித்தார்கள். அப்பா ஒரு காலத்தில் பேர் போன மாடுபிடி வீரர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனைக் கேட்டார்.

"அடிக்கப் போனியா, கொஞ்சப் போனியா? நான் ஊருக்குள்ள எப்பிடித் தலைகாட்டுறது?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசிப் போட்டியில் இரண்டாவது ரவுண்டில் தாடையில் பலமாக ஒன்று விழுந்தது. அவன் கால்கள் துவண்டதை நான் பார்த்தேன். எதிராளி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான்.

"புடிச்சுக்கடா! அவனப் புடிச்சுக்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவனுக்குக் கேட்டது. என்னைப் பார்த்தான். பிறகு அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். பிடிக்காமல் குத்தவே போனான். அடுத்த அடியில் விழுந்தவன் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தான்.

இப்போது அவனுக்கு வலது கால் இழுக்கிறது, பேச்சு குழறுகிறது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விடுகிறேன். சில நாள் போட்டு முடிப்பதற்குள் அழுதுவிடுகிறேன். அப்பா மேல் எனக்கு ஆறாத கோபம். ஆனால் சோறு இறங்காமல் பாதி ஆளாகிப் போன அவரைப் பார்த்தால் வாயில் வார்த்தை வருவதில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது தம்பிக்குக் கால் இடறியது. அப்பா பாய்ந்து போய் இரண்டு கையாலும் அவனைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். தம்பி திமிறினான்.

"விடுங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க. ஒங்களுக்குத்தான் அசிங்கம்."

அப்பா விடவில்லை. அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டு அழுதார்.